ஸ்பெயினின் காலனிகள் பொலிவாரால் விடுதலை பெற்றும் ஏன் வளரவில்லை? அம்மக்களின் சோம்பல்தான் காரணமா?

உங்கள் கேள்வியில் உள்ள ‘சோம்பல்’ என்ற சொல்லைப் படித்த பிறகு பதில் எழுதாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். ஏதேனும் ஒரு வழிகாட்டி நூலில் இப்படி ஒரு வரி இருந்திருக்கலாம். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். குடிநீர்த் திட்டமொன்றில் பொறியாளராகப் பணியாற்றுவதற்காகப் பொலிவியாவின் சுக்ரே நகருக்கு 2008ஆம் ஆண்டின் இறுதியில் சென்று, இரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவன். ஆகவே அந்த ஒரு நாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். மெக்சிகோவின் கதையும் அர்ஜென்டினாவின் கதையும் வேறு என்று யாரும் என்னைத் திருத்த வர வேண்டியதில்லை. அதை நானும் அறிவேன்.

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் அரசரை முடிதுறக்க வைத்துத் தன் அண்ணனை அரியணையில் அமர்த்தினார். அரசரே இல்லாதபோது யார் பெயரால் எங்களை ஆள்கிறீர்கள் என்ற கேள்வி காலனிகளில் எழுந்தது. அதை முதலில் எழுப்பிய ஊர்களில் ஒன்று, அன்று சுகிசாக்கா என்று அழைக்கப்பட்ட சுக்ரே. 1809 மே 25 அன்று அங்கு எழுந்த கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர்கள் சட்டம் படித்தவர்கள். ஆனால் அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் மலைகளில் போரிட்டு மடிந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மொழிகளான கெச்சுவாவும் ஐமாராவும் பேசிய எளிய உழவர்கள். அவர்களைத் திரட்டிப் போரிட்ட ஹுவானா அசுர்துய் என்ற பெண்மணி, கணவரையும் பிள்ளைகளையும் அப்போரில் இழந்தார். லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்த அவர், 1862இல் அதே மே 25 அன்று, அதே ஊரில், வறுமையில் இறந்தார்.

விடுதலைப் படைகளை நடத்திய பொலிவாரை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அவருடைய தளபதி சுக்ரே (நகரின் இன்றைய பெயர் இவருடையதுதான்) 1824 டிசம்பர் 9 அன்று பெருவின் அயகுச்சோ சமவெளியில் ஸ்பானியப் படையை முறியடித்து அரசப் பிரதிநிதியையே சிறைபிடித்திராவிட்டால், இந்த மலைநாட்டின் விடுதலை இன்னும் தள்ளிப்போயிருக்கும். 1825 ஆகஸ்ட் 6 அன்று பொலிவியாவின் விடுதலை அறிவிக்கப்பட்ட, சுக்ரே நகரிலுள்ள மண்டபம், முன்பு இயேசு சபையாரின் சிற்றாலயமாக இருந்தது. நானும் அங்கு நின்றிருக்கிறேன். பிரதிநிதிகளாக வந்து கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள். போர்க்களத்தில் நின்றவர்கள் மிகச் சிலர்.

நாடு பிறந்துவிட்டது, ஆனால் கருவூலத்தில் பணம் இல்லை. ஒரு காலத்தில் உலகுக்கே வெள்ளி கொடுத்த பொத்தோசி மலையின் சுரங்கங்களில் பல, போர்க்காலத்தில் கைவிடப்பட்டு நீரில் மூழ்கிக் கிடந்தன. நீரிறைப்பது என் தொழில் என்பதால், நீர் புகுந்த சுரங்கத்தை மீட்க எவ்வளவு முதலீடு வேண்டும் என்பதை என்னால் ஓரளவு உணர முடிகிறது. படைக்கும் அதிகாரிகளுக்கும் சம்பளம் கொடுக்க வழி தேடிய புதிய அரசு, பழங்குடி மக்கள் மீது ஸ்பெயின் விதித்திருந்த தலைவரியில் வந்து நின்றது. பொலிவார் 1825இல் ஒழித்த அந்த வரி 1826இலேயே திரும்பி வந்தது. பல பத்தாண்டுகள் அரசின் வருவாயில் பெரும்பங்கு அதுவாகவே இருந்தது. பிறகு 1874இல் வந்த ஒரு சட்டம் ஊர்ப் பொதுநிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்கலாம் என்றது. அந்நிலங்களில் பல பண்ணையார்களிடம் போய்ச் சேர்ந்தன. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரை முழுவதையும் நாடு இழந்ததைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையார். அவர் என்னை ‘இன்ஹெனியேரோ’, அதாவது பொறியாளர், என்பார். நான் அவரைத் ‘தோன்யா’ என்று மரியாதையாக அழைப்பேன். முதல் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஊரே ஊர்வலத்தில் இருந்தபோது, அவர் வீட்டில் அமர்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொன்னேன். “என் அப்பா போங்கோவாக இருந்தார், இன்ஹெனியேரோ” என்றார். கெச்சுவாவில் புங்கு என்றால் கதவு. முறை வரும்போது பண்ணையார் வீட்டுக்குப் போய், கூலியில்லாமல் ஏவல் செய்து, இரவில் அந்தக் கதவருகே தரையில் படுத்துக்கொள்பவருக்குப் போங்கோ என்று பெயர். தாம் உழுது வாழும் சிறு துண்டு நிலத்துக்கு ஈடாகச் செய்த ஊழியம் அது. வாரத்தின் மற்ற நாட்களிலும் பண்ணை வயலில் வேலை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அன்று வாக்குரிமை கிடையாது. பள்ளியோ அவர் ஊரில் இல்லை. குடியரசு பிறந்து 127 ஆண்டுகள் கழித்து, 1952இல் நடந்த புரட்சிக்குப் பின்னரே அந்த ஊழியம் முடிவுக்கு வந்தது. விடியுமுன் எழுந்து, இருட்டிய பிறகும் ஓயாமல், பிறருக்காக உழைத்த அந்த மனிதரை நினைத்துத்தான் ‘சோம்பல்’ என்ற சொல் என்னைச் சுட்டது.

ஊர் திரும்பியபின் ஒரு பயிற்சி மையத்தில் சில வார இறுதிகளில் பாடம் எடுத்தேன். இதைச் சொல்லத் தொடங்கியதும், “தேர்வில் வராது, தலைவர் பெயர், ஆண்டு, இரண்டும் போதும்” என்று நிறுத்தினார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இவையெல்லாம் பழைய கதை என்றும் சொல்ல முடியாது. நான் போய்ச் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன், 2008 மே 24 அன்று, பழங்குடி உழவர்கள் சிலரை நகரத்துக் கும்பலொன்று பிடித்து வந்து, மேலாடையைக் களைந்து, விடுதலை கையெழுத்தான அதே மண்டபத்தின் முன் மண்டியிட வைத்தது.

பொலிவியாவில் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1953 ஆகஸ்ட் 2 அன்று வந்தது. நான் அங்கிருந்த இரண்டாம் ஆண்டு, அந்த நாளில் தோன்யா என்னைச் சாப்பிட அழைத்தார். உணவுக்கு முன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்புகளில் கிழிந்து ஒட்டுப்போட்டிருந்த ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்தார். அவர் தந்தைக்குக் கிடைத்த நிலப் பட்டா அது. கையெழுத்திட வேண்டிய இடத்தில், ஊதா மையில், பெரிதாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.