பழிக்கு முன்னால் ஒரு மனு

அன்புள்ள அண்ணன்,

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். தாமஸ் கிட் என்ற பழைய ஆங்கில நாடகாசிரியரின் ‘ஸ்பானிஷ் ட்ராஜெடி’ நாடகத்தை இன்றைக்கு நம்மூரில் நடக்கும் படமாக எழுதிப் பார்க்கிறேன். கதைச்சுருக்கம் இணைத்திருக்கிறேன். மகனைப் பறிகொடுத்த அப்பா பழிவாங்குகிறார். அவரை ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஆக்கிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். நாடகம் முழுக்க மேடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஆவியை இன்று யார் நம்புவார்கள்? செல்போன், சிசிடிவி எல்லாம் இருக்கும்போது கொலையாளி யாரென்று தெரியாமல் போகுமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

செல்போன் ஒரு சிக்கலே இல்லை. நாடகத்திலும் கொலையாளிகளின் பெயர் அந்த அப்பா ஹைரோனிமோவுக்குச் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. ரத்தத்தால் எழுதிய கடிதம் அவன் முன்னால் வந்து விழுகிறது. அவன்தான் நம்பவில்லை, யாரோ தன்னைச் சிக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று பயப்படுகிறான். தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தாலும் அப்படித்தான் பயப்படுவான். அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் பட்டாளத்துக்காரர்மேல். கடைசிக் காட்சியில் துப்பாக்கி பிடிக்கத் தெரிய வேண்டும், அதற்காகத்தானே? நாடகத்தை ஒழுங்காகப் படித்தீர்களா? ஹைரோனிமோ நீதி அதிகாரி. ஊர் வழக்குக்கெல்லாம் நியாயம் சொல்வது அவன் வேலை. அவன் வீட்டுத் தோட்டத்திலேயே மகனைத் தொங்கவிட்டுக் கொல்கிறார்கள். கொன்றவர்களில் ஒருவன் அரசருடைய சகோதரனின் மகன் லோரென்சோ. அரசரிடம் முறையிடப் போனால் அவனே குறுக்கே நிற்கிறான். ஊருக்கு நியாயம் சொன்னவன் தனக்கு நியாயம் கேட்கப் போக்கிடம் இல்லாமல் நிற்பதுதான் கதை. இதைத் தூக்கிவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது நாலு சண்டைக் காட்சி.

மூன்றாம் அங்கத்தில் மனுக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவனுக்குக் கடன் பத்திரம், இன்னொருவனுக்குக் குத்தகைத் தகராறு. ஒரு கிழவர் மட்டும் பேசாமல் ஒதுங்கி நிற்கிறார். அவர் மனுவை வாங்கிப் பார்த்தால், கொலையுண்ட மகனுக்காக எழுதியது. கிழவரின் கண்ணைத் துடைக்க ஹைரோனிமோ கைக்குட்டையை எடுக்கிறான். கையில் வருவது தன் மகனின் ரத்தம் தோய்ந்த துணி. அப்புறம் அத்தனை பேர் காகிதங்களையும் பல்லால் கிழித்துப் போடுகிறான். 1592வாக்கில் அச்சேறிய நாடகம் இது. உங்கள் சுருக்கத்தில் இந்தக் காட்சியே இல்லை. எப்படி மனசு வந்தது?

ஆவி கேள்விக்கும் இதுதான் பதில். கள்ளியங்காட்டு நீலியின் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஆவியை யார் நம்புவார் என்கிறீர்கள். கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டதில்லையா? தன்னைக் கொன்றவனை மறுபிறவியிலும் விடாமல் தேடி வருகிற நீலி, கண்டவுடன் பாய்ந்து கொல்வதில்லை. கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் போய் வழக்காடுகிறாள். பேயும் முதலில் சபைக்குத்தான் போகிறது, தம்பி.

என் பெரியப்பாவும் போனார். அவர் மகன் கல் லாரியில் அடிபட்டு இறந்தான். வழக்கில் ஓட்டுநரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பெரியப்பா வாரம் தவறாமல் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுவார். ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்கி, நகலில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், அதோடு சரி. மழை பெய்தால் அந்தக் கார்பன் நகலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். வேர்வையில் மை இறங்கி, பனியனில் வயிற்றுப் பக்கம் நீலம் பாரித்திருக்கும். பெரியம்மா எத்தனை துவைத்தும் அது போகவில்லை.

லாரி முதலாளியின் வீடு எங்கள் தெருமுனையில். அதைக் கடக்கும்போது பெரியப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுத்தான் போவார். சின்ன வயதிலிருந்தே பழக்கம், மகன் செத்த பிறகும் விடவில்லை. ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி வந்தவரின் பின்னால் நான் நடந்தேன். முதலாளி வாசலில் நின்றிருந்தார். பெரியப்பா மனுப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக நடந்தார். வேட்டியை இறக்கவில்லை. எனக்குக் கை நடுங்கியது.

நாயகனை மாற்றி எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.