வானத்திலிருந்து ஊர் முழுக்கப் படம்: கேட்டவை, சொன்னவை

டிரோனில்தான் ஏற்கெனவே கேமரா இருக்கிறதே அண்ணா, ஊர் முழுக்கப் படமெடுக்கும் இந்த வான் கண்காணிப்புக் கேமராவில் என்ன புதுசு?

அது சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஒரு வண்டியைத் தொடர்ந்தால் பக்கத்துத் தெரு கைவிட்டுப் போகும். இதில் ஊரே ஒரு படம். இரண்டு வண்டிகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தாலும் இரண்டும் சிக்கும்.

அவ்வளவு பெரிய கேமரா எங்கே கிடைக்கும்?

கிடைக்காது, கோத்துச் செய்தார்கள். அமெரிக்காவின் ஆர்கஸ் என்ற வான் கண்காணிப்புக் கருவியில் செல்பேசிக் கேமராவுக்கான 5 மெகாபிக்சல் சில்லுகள் 368 இருந்தன. மொத்தம் 180 கோடி பிக்சல். 17,500 அடி உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்குத் தரையில் சுமார் 15 செ.மீ. ஒரு பிக்சலின் பரப்பை மொத்தப் பிக்சலோடு பெருக்கிப் பாருங்கள், ஒரே படத்தில் 40 சதுர கி.மீ. வரும்.

முகம் தெரியுமா சார்?

15 செ.மீ.க்கு ஒரு பிக்சல் என்றால் தலையே ஒன்றிரண்டு பிக்சல்தான். முகமாவது!

அப்புறம் ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதிவான படங்களைப் பின்னோக்கி ஓட்டித்தான். இதன் உயிரே அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2020இல் ஆறு மாதம் விமானங்கள் இப்படிச் சுற்றின. நொடிக்கு ஒரு படம், மனிதர் வெறும் புள்ளி. எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், சுட்டவன் ஓடிய புள்ளியை முன்னும் பின்னும் நகர்த்தி, வழியிலுள்ள தெருக் கேமராவோடு சேர்த்துப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். படங்களை 45 நாள் வைத்திருந்தார்கள். இதை எதிர்த்து வழக்கு வந்தபோது, புள்ளிதானே என்று காவல் துறை வாதாடியது. தினமும் ராத்திரி எந்த வீட்டுக்குள் போய், காலையில் அங்கிருந்தே வெளியே வருகிறதோ, அந்தப் புள்ளிக்குப் பெயர் கிடைக்காதா? 2021 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 8-க்கு 7 என்று அதைச் சட்டவிரோதமாக்கியது. நூலிழைதான். என்னைக் கேட்டால், சரியான தீர்ப்பு.

இரவில் என்ன செய்வார்கள்?

பால்டிமோர் விமானங்கள் பகலில் மட்டுமே பறந்தன. ராணுவக் கருவிகள் அகச்சிவப்புக் கேமராவில் வெப்பத்தைப் பிடிக்கின்றன. நல்ல வகை உணரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே 200 டிகிரி வாக்கில் குளிர்விக்க வேண்டும். விலை அதிகம், பிக்சல் குறைவு. அதனால் பகல் படத்தின் துல்லியம் வராது. ஆனால் பகலில் தெரியாதது தெரியும்: இப்போதுதான் நிறுத்திய காரின் முன்பக்கம் வெள்ளையாக ஒளிரும். கீழே மேகம் மூடினால் சாதாரணக் கேமரா, அகச்சிவப்பு இரண்டுமே அம்பேல்.

குடை பிடித்தால் தப்பிக்கலாமா?

முகமே தெரியாத படத்தில் குடை எதை மறைக்கும்? உங்கள் புள்ளி கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.