மின்சாரம் வந்தது, டிஸ்க் வரவில்லை

கேள்வி: பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் நிறுவி, யூஎஸ்பி வழியே இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்து வீட்டு சர்வராகப் பயன்படுத்துகிறேன். பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானே இயங்கத் தொடங்கினாலும், சில நேரம் டிஸ்க்குகள் மவுன்ட் ஆவதில்லை (ஃபோல்டராகத் திறக்கும்படி கணினியோடு இணைவதில்லை). சில நேரம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மடிப்பாக்கம், சென்னை

பதில்: இடம் மாறி நிற்பதாகத் தாங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்குகளை எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்று குறித்திருப்பீர்கள். அவை நிலையான பெயர்கள் அல்ல. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டறிகிறதோ அதற்கு முதல் எழுத்து கிடைக்கிறது. தனி அடாப்டரில் இயங்கும் பெரிய டிஸ்க் சுழன்று தயாராவதற்குள் சிறியது முந்திக்கொண்டால் வரிசை மாறிவிடும். ஆகவே 'பிஎல்கேஐடி' கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் இயக்கி, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் (டிஸ்க்கின் பகுதிக்கும்) உரிய தனி அடையாள எண்ணான யூயூஐடியைக் குறித்துக்கொண்டு, எஃப்எஸ்டேப்பில் பழைய பெயருக்குப் பதிலாக அதை இடுங்கள். ஃபைல் சிஸ்டத்திலேயே பதிந்திருக்கும் அந்த எண், எந்த போர்ட்டில் செருகினாலும் மாறாது.

அதே வரியில், டிஸ்க் வராவிட்டாலும் தொடர்ந்து இயங்கச் சொல்லும் 'நோஃபெயில்' என்பதையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், வராத டிஸ்க்குக்காக, கணினியின் தொடக்கத்தை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். மானிட்டர் இல்லாத சர்வரில் அது செத்துப்போனது போலவே தெரியும். திருத்திய பின் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', 'மவுன்ட் -ஏ' இரண்டையும் இயக்கிப் பார்க்காமல் ரீபூட் செய்ய வேண்டாம்.

நோஃபெயிலால் ஒரு தொல்லையும் உண்டு; மின்தடையைவிட எனக்கு அதுவே கவலை தருகிறது. டிஸ்க் வராத நிலையில் மவுன்ட் பாயிண்ட் (டிஸ்க் வந்து இணையும் இடம்) வெறும் ஃபோல்டராக இருப்பதால், இரவு நேர பேக்கப் யாரையும் கேட்காமல் அதற்குள் எழுதி, சர்வரின் உள் டிஸ்க்கை நிரப்பிவிடும். பிறகு வெளி டிஸ்க் மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடுவதால், இடம் எங்கே போயிற்று என்றே புரியாது. டிஸ்க் மவுன்ட் ஆகாதிருக்கும்போது அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' கொடுத்துவிட்டால் ரூட்டாலும் அதில் எழுத முடியாது. டிஸ்க்கை மவுன்ட் செய்வதற்கு அது தடையாகாது.

டிஸ்க்குகள் இஎக்ஸ்டி4 வகையாக இருந்தால் ஜர்னல் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு) பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். விண்டோஸிலிருந்து வந்த என்டிஎஃப்எஸ் என்றால், திடீர் நிறுத்தத்துக்குப் பின் மவுன்ட் ஆக மறுக்கலாம். விண்டோஸ் கணினியில் செருகி 'செக்டிஸ்க்' இயக்குவதே முறை.

யூபிஎஸ் வாங்குவதானால் டிஸ்க்கின் அடாப்டரையும் அதிலேயே செருகுங்கள். கணினிக்கு மட்டும் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் துண்டிக்கப்பட்டு எஸ்டிசி போன்ற புதுப் பெயரில் திரும்பி வரும். பழைய மவுன்டை 'யூமவுன்ட் -எல்' கொண்டு நீக்கிவிட்டு மீண்டும் இணைக்க வேண்டியிருக்கலாம். பல மணி நேர மின்தடையைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. யூஎஸ்பி இணைப்புள்ளதாகப் பார்த்து வாங்கி யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் 'நட்' (NUT) மென்பொருளை நிறுவிவிட்டால், பேட்டரி தீருமுன் சர்வர் முறையாக ஷட்டவுன் ஆகிவிடும்.