ஜெர்மன் மொழியைச் சொந்தமாகப் படிக்க எந்தப் பாடத்திட்டம்?

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக விரும்புகிறேன். பி2 நிலை வரை ஜெர்மன் வேண்டும் என்கிறார்கள். பகல், மாலை, இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் வகுப்புக்குப் போக முடியவில்லை. ஆறே மாதத்தில் பி2 என்று சொல்லும் ஒரு பயிற்சி மையம் கேட்கும் கட்டணமும் என் சக்திக்கு மேல் இருக்கிறது. மூன்று மாதமாகச் செல்பேசிச் செயலி ஒன்றில் படிக்கிறேன், ஆனால் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாகப் பேச வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால் இந்தத் தயக்கமா என்றும் தெரியவில்லை. சொந்தமாகப் படிக்க எந்தப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஆறு மாதக் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம்; பலர் தமக்குப் பொருந்தாத பாடத்திட்டத்தை வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவதற்கு அந்தக் கணக்கே காரணம். ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட்டின் மதிப்பீட்டின்படி, அகரம் முதல் தொடங்கும் ஒருவர், ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக உயரும் நிலைகளில் பி1 முடிக்க 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரையும், பி2 முடிக்க 600 முதல் 800 வரையும் தேவைப்படும். பி2வுக்கான எண்ணை மணிக்கணக்கில் மாற்றினால் 450 முதல் 600 மணி நேரம் வருகிறது. இது ஆசிரியர் முன் அமரும் நேரம் மட்டுமே, வீட்டில் படிப்பது தனி. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று நீங்கள் தவறாமல் படித்தால் ஓராண்டில் ஏறக்குறைய 310 மணி நேரம் சேரும். ஆகவே உங்கள் பணிச்சூழலில் பி2 என்பது குறைந்தது ஒன்றரை ஆண்டு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு வேலை. வேலையை விட்டுவிட்டு முழு நாளும் படிப்பவர் இதைவிட வேகமாகப் போகலாம். இரவுப் பணி முடித்து வந்து உறங்கி எழுந்து புத்தகத்தைத் திறப்பவரிடம் ஆறு மாதம் என்று சொல்வது வியாபாரப் பேச்சு.

இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரு பாடத்திட்டத்தோடு வாழப்போகிறீர்கள் என்பதால், அது ஏ1, ஏ2, பி1 என்னும் ஐரோப்பிய நிலைகளின்படி வகுக்கப்பட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதப்போகும் தேர்வும், உங்கள் பட்டத்தை அங்கீகரிக்கப்போகும் ஜெர்மன் மாநில அதிகாரிகளும் இந்த அளவுகோலில்தான் பேசுகிறார்கள். 'சரளமாகப் பேசலாம்', 'முப்பது நாளில் ஜெர்மன்' என்றெல்லாம் அட்டையில் அச்சிட்டுவிட்டு, முடித்தபின் எந்த நிலையை அடைவோம் என்று சொல்லாத பாடத்திட்டம் சுற்றுலாப் பயணிக்குப் போதுமானதாக இருக்கலாம், உங்களுக்கு ஆகாது.

செயலியால் பேச்சு வராததற்கும் உங்கள் தமிழ் வழிக் கல்விக்கும் தொடர்பில்லை. பெரும்பாலான செயலிகள் சொற்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்கின்றன, அல்லது நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்கின்றன. கண்முன் இருக்கும் விடையை அடையாளம் காணும் திறன் அதில் நன்றாக வளரும். வெறுமையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வாயால் சொல்லும் திறனுக்கு அங்கே வேலையே இல்லை. தேர்வில் அந்த இரண்டாவது திறனுக்குத்தான் பாதி மதிப்பெண், ஏனெனில் எழுதுதலும் பேசுதலும் நான்கு பகுதிகளில் இரண்டு. அந்தச் செயலியை நீக்க வேண்டியதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொற்களைப் புதுப்பித்துக்கொள்ள அது உதவும். முதன்மைப் பாடத்திட்டம் என்னும் இடத்திலிருந்து மட்டும் அதை இறக்கிவிடுங்கள்.

அந்த இடத்தில் நான் வைக்கச் சொல்வது டாய்ச்ச வெல்லே நிறுவனத்தின் 'நீகோஸ் வேக்'. ஜெர்மனியின் அரசு நிதி பெறும் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனம் அது. ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வந்திறங்கி, பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் நீகோ என்னும் இளைஞனின் கதையாக, குறுங்காணொளிகளோடும் பயிற்சிகளோடும் ஏ1 முதல் பி1 வரை இந்தப் பாடத்திட்டம் தொடர்ச்சியாகச் செல்கிறது; கட்டணம் எதுவும் இல்லை. பல குரல்கள், பல வயதினர், இயல்பான வேகம் ஆகியவை தொடக்கத்திலேயே காதில் விழுவது இதன் பெரிய பலம். ஒரே ஆசிரியரின் தெளிவான குரலுக்குப் பழகியவர் வார்டில் எண்பது வயது முதியவர் முனகும் ஜெர்மனைக் கேட்டுத் திகைத்து நிற்பார். இதன் குறை, எழுதுவதையும் பேசுவதையும் திருத்த ஆள் இல்லை என்பது.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது, ஜெர்மனியின் வயதுவந்தோர் கல்விப் பள்ளிகளின் கூட்டமைப்பு நடத்தும் 'விஎச்எஸ் லெர்ன்போர்டல்'. அதுவும் இலவசம், ஏ1 முதல் பி1 வரையும், அதற்குமேல் பணிச்சூழலுக்கான பி2 பாடமும் உண்டு, எழுத்துப் பயிற்சிகளைப் பார்த்துத் திருத்தும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். கதையின் சுவை இதில் குறைவு, பாடங்கள் சற்று வறண்டவை. நீகோவின் கதையை ஏ2 வரை பிடித்துக்கொண்டு, பி1 நெருங்கும்போது இதற்கு மாறுவது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஐந்து பாடத்திட்டங்களில் முதல் ஐந்து பாடங்களைப் படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் தம் பெயரைச் சொல்ல ஐந்து விதமாகத் தெரியும்.

கையில் ஒரு புத்தகமும் வேண்டும், முக்கியமாக இரவுப் பணிக்குப் பின் திரையைப் பார்க்கப் பிடிக்காத நாட்களுக்காக. 'மென்ஷென்', 'நெட்ஸ்வெர்க் நொய்' ஆகிய இரண்டும் ஏ1 முதல் பி1 வரை செல்லும் நல்ல பாடநூல் வரிசைகள். ஆனால் அவை வகுப்பறைக்காக முழுக்க ஜெர்மனிலேயே எழுதப்பட்டவை. 'அருகில் இருப்பவரிடம் கேளுங்கள்' என்று பாதிப் பயிற்சிகள் சொல்லும், அருகில் யாரும் இருக்கமாட்டார்கள். எனவே முதலில் பயிற்சி நூலை மட்டும் வாங்குங்கள். வாங்குமுன் அதன் ஒலிப்பதிவும் விடைக்குறிப்பும் எங்கே கிடைக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். விடைக்குறிப்பு இல்லாத பயிற்சி நூல் தனியாகப் படிப்பவருக்குப் பயன்படாது.

எந்தப் புத்தகத்தையும் எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. அதன் சொற்பட்டியலைத் திறந்து, பெயர்ச்சொற்கள் எப்படித் தரப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி என்னும் சொல்லோ அலிப்பால். ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய டேர், டீ, தாஸ் என்னும் சுட்டோடும் பன்மை வடிவத்தோடும் சேர்த்துத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். சொல்லை மட்டும் தனியாக அச்சிட்டிருக்கும் நூலைக் கீழே வைத்துவிடலாம், ஏனெனில் ஆயிரம் சொற்களுக்குப் பிறகு அவற்றின் பாலை மீண்டும் முதலிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டிவரும். ஜெர்மன் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் மட்டுமே தரும் கையேடுகளையும் தவிர்த்துவிடுங்கள். 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ' போலக் குவித்தால் வரும் உயிரொலிக்கு நம் எழுத்தில் இடமில்லை. ஜெர்மன் எழுத்துக்கூட்டலோ பெரும்பாலும் ஒழுங்கானது, சில நாட்களில் வாசிக்க வந்துவிடும். பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால், 'என்று' என்பதற்கு ஈடான dass என்னும் இணைப்புச் சொல்லின் இறுதியில் பீட்டா போன்ற ß எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்நூல் 1996ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய முறையில் அச்சானது.

மருத்துவமனைக்குப் போய்வரும் நேரத்தைக் காதுக்குக் கொடுங்கள். பிம்ஸ்லர் போன்ற ஒலிப்பாடங்கள் அரைமணி நேரத்துக்கு உங்களைப் பேச வைத்துக்கொண்டே இருக்கும். கேட்ட சொல்லை இடைவெளியை நீட்டி நீட்டி மறுபடி கேட்கும். நாக்கு திரும்புவதற்கு அது நல்ல மருந்து, ஆனால் விலை உண்டு, கற்றுத்தரும் சொற்கள் குறைவு, வாசிக்கவும் எழுதவும் அது தயார்செய்வதில்லை. செலவில்லாமல் வேண்டுமென்றால் டாய்ச்ச வெல்லேயின் பழைய வானொலிப் பாடம் 'டாய்ச் – வாரும் நிஹ்ட்?' இருக்கிறது: 104 பாடங்கள், ஆஹென் நகர விடுதியில் வேலைபார்த்துக்கொண்டே படிக்கும் ஆந்திரயாஸ் என்னும் மாணவனும், அவனோடு சுற்றும் கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் என்னும் குறும்புப் பிறவியும். காலத்தால் பழையதுதான், இருந்தும் புதிய செயலிகள் பலவற்றைவிட அந்த எக்ஸ் நினைவில் நிற்பாள்.

தமிழ் வழிக் கல்வி குறித்த உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இலக்கண விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பது முதல் சில வாரங்கள் சிரமம் தரும். நர்சிங் பாடங்களை ஆங்கிலத்தில் படித்துத் தேறிய உங்களால் அதைச் சமாளிக்க முடியும். ஆனால் ஜெர்மன் வாக்கியத்தை ஆங்கிலம் வழியாக யோசிக்கத் தேவையில்லை, பல இடங்களில் தமிழ்தான் கிட்டத்தில் இருக்கிறது. 'எனக்கு இன்று இரவுப் பணி இருப்பதால்' என்று நாம் வினையைக் கடைசியில் வைப்பதுபோலவே, காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் ஜெர்மனியரும் வினையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதை அவர்களும் அதே வேற்றுமையில் சொல்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார். குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும் என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. கடினமாகப் போவது, சுட்டுச் சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறுவதும், நாம் பகாரம் ஒன்றாலேயே எழுதும் p, b என்னும் இரண்டு ஒலிகளையும் சொல்லின் முதலில் பிரித்து ஒலிப்பதும். இந்த இரண்டுக்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

மூன்று மாதம் படித்ததை வீணென்று நினைக்காமல், இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். நீகோவின் கதையிலிருந்து ஒரு பாடத்தையும், கைக்குக் கிடைக்கும் பாடநூலிலிருந்து ஓர் அத்தியாயத்தையும் முழுமையாக முடியுங்கள். மறுநாள் எதையும் திறக்காமல், அதே பொருளைப் பற்றி ஒரு நிமிடம் செல்பேசியில் பேசிப் பதிவுசெய்து, ஐந்து வாக்கியம் எழுதுங்கள். எதைப் படித்தபின் அதிகம் பேச வந்ததோ அதுதான் உங்களுக்கான பாடத்திட்டம், என் பரிந்துரை வேறாக இருந்தாலும்.

தேர்வைப் பொறுத்தவரை, கோதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளையும் தனித்தனியாகவும் எழுதலாம். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 பெற வேண்டும், தவறியதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். பி2 தேர்வுக்கும் இதே வசதி உண்டு. மாதிரித் தாள்களும், பி1க்கான சுமார் 2400 சொற்களின் பட்டியலும் கோதே இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்தில் இலவசம். பி1 பேச்சுத் தேர்வு பொதுவாக இருவர் சேர்ந்து எழுதுவது: ஒன்றைச் சேர்ந்து திட்டமிடுதல், ஒரு தலைப்பில் பேசுதல், அதைப் பற்றிக் கேட்டுப் பதில் சொல்லுதல். அதனால் இதே எண்ணமுள்ள சக செவிலியர் ஒருவர் உங்கள் மருத்துவமனையில் இருந்தால் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை எங்கே செலவிடுவது என்பதுதான் மிச்சம். ஏ1, ஏ2 இரண்டையும் சொந்தமாகவே முடிக்கலாம், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டாம். பி1 பாடங்களின் நடுவில் வந்ததும், வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் உங்கள் ஷிஃப்டுக்கு ஏற்ப இணையவழியில் பேசவும், கடிதங்களைத் திருத்தவும் தனி ஆசிரியர் ஒருவரை அமர்த்துங்கள். பயிற்சி மையம் கேட்ட தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதும் என்று எண்ணுகிறேன். அதற்குமுன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கான ஜெர்மன் பயிற்சி அறிவிப்பு எதையும் வெளியிட்டிருக்கிறதா என்று அதன் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அந்த வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், ஏ2 வரை கையில் வைத்துக்கொண்டு அங்கே போவது தொடக்கத்திலிருந்து போவதைவிட நல்லது.