பட்டனில் கிளிக் ஹாண்ட்லர் ஏற்கெனவே பூட்டியிருக்கா என்று ஜாவாஸ்கிரிப்டில் எப்படிப் பார்க்கலாம்?

தம்பி, கிளிநொச்சியில் நெல் வாங்குகிற ஒருவருக்கு நீங்கள் எழுதின பக்கத்தில் 'பதி' பட்டனை ஒருதரம் அமத்த, ஒரே மூடை மூன்று தரம் பதிவாகுது என்கிறீர்கள். எலிமென்டில் (பட்டன் போன்ற பக்க உறுப்பில்) என்னென்ன லிசினர் (கிளிக் போன்ற இவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்; ஹாண்ட்லர் என்பதும் இதுதான்) பூட்டியிருக்கு என்று கோடுக்குள் இருந்து கேட்க வழியில்லை. குரோமின் கொன்சோலில் (டெவலப்பர் கருவிகளில் கட்டளை எழுதும் இடத்தில்) 'கெட்இவென்ட்லிசினர்ஸ்' பட்டியல் காட்டும்; அதையே உங்கள் கோடுக்குள் போட்டால் எரர்தான்.

ஆனால் பார்க்கவே தேவையில்லை. அதே இவென்ட், அதே ஃபங்ஷன், அதே கப்சர் மதிப்போடு (இவென்ட் மேலிருந்து கீழிறங்கும்போதே பிடிப்பதா என்ற தெரிவு) லிசினரைப் பூட்டும் 'ஆட்இவென்ட்லிசினர்' திரும்ப வந்தால் பிரவுசர் அதைக் கணக்கெடுக்காது. உங்களுக்குக் குவிவது, ஃபங்ஷனைப் பெயரில்லாமல் அடைப்புக்குள்ளேயே எழுதினதால். அந்த வரி ஓடும் ஒவ்வொரு தரமும் புது ஃபங்ஷன் பிறக்குது. எழுத்து ஒன்றென்றாலும் ஆள் வேறு. 'பைண்ட்' போட்டாலும் அப்படித்தான், அதுவும் புது ஃபங்ஷனைத்தான் தரும். ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்து, பட்டியலைப் புதுப்பிக்கிற ஃபங்ஷனுக்கு வெளியே எழுதுங்கள். உள்ளே எழுதினால் பெயரிருந்தும் பயனில்லை.

ஏற்கெனவே பூட்டியாச்சு என்று 'டேட்டாசெட்'டில் (எலிமென்டின் 'டேட்டா-' அட்ரிபியூட்களில்) அடையாளம் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். பிழையென்று சொல்லவில்லை, ஆனால் 'குளோன்நோட்' பாவித்து வரிசையைப் பிரதி எடுக்கிற இடத்தில் அது கவிழ்க்கும்: அட்ரிபியூட் கூட வரும், லிசினர் வராது. அடையாளம் 'பூட்டியாச்சு' என்னும், பட்டன் அசையாது. அடையாளம் வேண்டுமென்றால் எலிமென்டை 'வீக்செட்'டில் (பொருட்களைச் சேர்த்து வைக்கும் ஒரு தொகுப்பு) போட்டு வையுங்கள்; பிரதி அதற்குள் இராது.

மூடைக்கு மூடை வரிசை கூடுகிற பக்கத்துக்கு என் தெரிவு வேறு: முழு டேபிளுக்கும் ஒரே லிசினர். அதற்குள் 'இவென்ட்.டார்கெட்.குளோசெஸ்ட்' (அமத்தின இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுவது) வைத்து எந்தப் பட்டன் என்று பிடியுங்கள். 'இன்னர்எச்டிஎம்எல்' மாற்றி வரிசைகளைப் புதிதாக எழுதினாலும் இது உடையாது.

ரியாக்டில் (பக்கம் கட்டும் ஒரு லைப்ரரி) இந்தத் தலையிடி இல்லை என்பவர்களுக்கு: 'யூஸ்இஃபெக்ட்'டில் (பக்கம் வரைந்தபின் ஓடும் பகுதியில்) நீங்களே பூட்டிக் கழற்றாமல் விட்டால் அங்கேயும் குவியும்.

இன்னொன்று. லிசினர் ஒன்றே ஒன்று இருந்தும் இரட்டிப்பு வரலாம். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் களத்தில் நின்று போனில் பதியும்போது சிக்னல் விட்டால், பதில் வரவில்லையென்று ஆள் திரும்ப அமத்தும். அமத்தினவுடன் பட்டனை 'டிஸேபிள்' பண்ணுங்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே தனி இலக்கம் கொடுத்து, டேட்டாபேஸில் அந்தக் கொலத்தை 'யுனீக்' (ஒரே இலக்கம் இரண்டு தரம் ஏறாதபடி) ஆக்குங்கள். லிசினரில் பிழை வந்தாலும் கமக்காரரின் கணக்கில் பிழை வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி.