கழுவிய நாய்

அன்புள்ள ஐயா,

நான் டெக்சஸில் வசிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் தெருவில் காலமான ஒரு மூதாட்டியின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அங்கே 600 டாலருக்கு ஒரு சுடுமண் நாயை வாங்கினேன். முக்கால் முழ நீளம், செம்பழுப்பு நிறம், உருண்டைத் தொப்பை, குட்டைக் கால்கள், வால் இருக்க வேண்டிய இடத்தில் கெண்டி மூக்கைப் போல ஒரு குழாய். கழுத்தில் தொங்கிய சீட்டில் "கொலிமா, மெக்சிகோ, கி.மு. 200 – கி.பி. 300, இறந்தவரின் ஆன்மாவை மறு உலகத்துக்கு வழிநடத்தும் நாய்" என்று எழுதியிருந்தது. உடலெங்கும் கரும்புள்ளிகளும், அடிவயிற்றில் உமி போன்ற அழுக்கும் இருந்தன. சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் ஜிம்மி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது அசல்தானா? தெர்மோலூமினசென்ஸ் சோதனைக்குக் கொடுக்கலாமா? வைத்திருப்பது தவறா? மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓவியர் டியகோ ரிவேராவே இவற்றைச் சேகரித்தவர்தானே?

மாலதி

அன்புள்ள மாலதி,

நாய் அழகாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் அதன் காதுகளை உங்கள் மகள் பிடித்திருக்கும் விதமும் அழகாக இருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிறவர் எவராயினும் அவரிடமிருந்து நீங்கள் விலகியிருப்பது நல்லது. சோதனைக்குக் கொடுக்கலாம். களிமண்ணிலுள்ள படிகங்கள் இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறுகச் சிறுகச் சேமித்து வைக்கின்றன. சூளைச் சூடு அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடும். மீண்டும் சூடாக்கும்போது வெளிப்படும் ஒளியை அளந்து, கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் கணக்கிடுகிறார்கள். துளையிட்டு எடுத்த அந்தத் துணுக்கின் வயது மட்டுமே அதில் தெரியும். பழைய ஓடுகளை ஒட்டிப் புதிய நாய் செய்யத் தெரிந்தவர்கள் உண்டு. மெக்சிகோவின் வெராகுரூஸில் பிரிஹிதோ லாரா என்பவரைச் சிலை திருடியதாக 1974இல் கைது செய்தார்கள். அவை திருடியவை அல்ல, நானே செய்தவை என்றார். நம்பவில்லை. சிறைக்கே களிமண்ணை வரவழைத்து அதேபோலச் செய்து காட்டிய பிறகுதான் விட்டார்கள். பெரிய அருங்காட்சியகங்களில் இருந்த சில உருவங்களைத் தம் கைவேலை என்று அவர் பின்னாளில் சொன்னார். அவருக்கு ஹலாப்பா அருங்காட்சியகத்தில் வேலையும் கிடைத்தது.

இதெல்லாம் இருக்கட்டும். பிரஷ்ஷை எடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும் பாண்டத்தின் மேல் மாங்கனீசு கரும்புள்ளிகளாகப் படிகிறது. அது சுலபத்தில் போகாது. சோப்புக்கே போய்விட்டதென்றால், அது யாரோ தூரிகையால் தெளித்த சாயமாக இருந்திருக்கலாம். நீங்கள் உமி என்று எழுதியதோ அதற்கு நேர் எதிரான சாட்சி. ராபர்ட் பிக்கரிங் என்ற ஆய்வாளர் மேற்கு மெக்சிகோப் பாண்டங்களின் மேல் ஈக்களின் கூட்டுப்புழு உறைகள் ஒட்டியிருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். கல்லறையில் கிடத்தப்பட்ட உடலைத் தின்று வளர்ந்த புழுக்கள் பக்கத்தில் இருந்த பாண்டத்தின் மேல் ஏறிக் கூடு கட்டின; ஈ பறந்தது, உறை அங்கேயே ஒட்டிக்கொண்டது. உங்கள் நாயின் அடிவயிற்றில் இருந்தது அதுவாக இருந்திருந்தால், என்னிடம் கேட்கும் கேள்விக்கான விடையை உங்கள் சமையலறைத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டீர்கள்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்குத் தகுதி இல்லை. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது தாய்மாமா கிணறு வெட்டிய குழியில் ஒரு சிறு கிண்ணம் கிடைத்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பம்புசெட்டில் உட்கார்ந்து தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து, மறுநாள் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோனேன். பாராட்டுவார் என்றிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னடா இருந்துச்சு?" என்றார். "மண்ணு சார்." "அந்த மண்ணு எங்க?" ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதித்து வந்தார். மண் வாய்க்கால் வழியே வாழைப்பாத்திக்குப் போயிருந்தது. குழியை மாமா அதற்குள் இன்னும் இரண்டு ஆள் ஆழம் இறக்கிவிட்டார். ஆசிரியர் வரப்பில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி எழுத முயன்றுகொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். அந்தச் சீட்டை நீங்கள் பூரிப்போடு எடுத்தெழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆன்மாவுக்கு வழிகாட்டும் நாய் என்று கொலிமாக்காரர் யார் சொன்னார்? அவர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அந்தக் கதை சாகுன் என்ற பாதிரியார் பதினாறாம் நூற்றாண்டில் மத்திய மெக்சிகோவின் நாவா மக்களிடம் கேட்டு எழுதியது. இறந்தவர் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும்; வெள்ளை நாய் "இப்போதுதான் குளித்தேன்" என்று நழுவிவிடும்; கறுப்பு நாய் "இப்போதுதான் கறையாக்கிக்கொண்டேன்" என்று சாக்குச் சொல்லும்; மஞ்சள் நாய் மட்டும் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். அருமையான கதைதான். ஆனால் உங்கள் நாய் அசலாகவே இருந்தாலும், அதைப் புதைத்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, வேறு நிலத்தில், வேறு மக்கள் சொன்ன கதை. அதே மெக்சிகோவில் நாயைக் கொழுக்க வைத்து விருந்துக்கு அறுத்ததும் உண்டு. கொலிமா நாய்களின் தொப்பையைப் பாருங்கள். அது மறு உலகத்துக்கான கட்டுச்சோறாகவும் இருக்கலாம். வீட்டில் வளர்ந்த நாயாகவும் இருக்கலாம். சிலவற்றின் முகத்தில் மனித முகமூடி இருக்கிறது. அதற்கு அந்தக் கதையில் என்ன பொருள்? இதே உருவங்களுக்கு ஒரு காலத்தில் தராஸ்கன் என்ற பிற்கால மக்களின் பெயரில் சீட்டு எழுதி விற்றார்கள். தராஸ்கன் அரசு தோன்றியதே ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான். பொருள் பேசாதபோது விற்பவர் அதன் வாயில் சொற்களைத் திணிக்கிறார்.

அது ஏன் பேசவில்லை என்பதுதான் விஷயம். கொலிமா, ஹலிஸ்கோ, நயாரித் பகுதிகளில் கிணறுபோல் செங்குத்தாகத் தோண்டி, அடியில் பக்கவாட்டில் அறை குடைந்து, இறந்த குடும்பத்தாரை ஒருவர்பின் ஒருவராக வைத்தார்கள். உள்ளூரில் உருவப் பொம்மையை மோனோ என்பார்கள். அதைத் தேடித் தோண்டுகிறவருக்கு மோனெரோ என்று பெயர். ஒரு தொழிலுக்கே பெயர் வந்துவிட்டதென்றால் எத்தனை குழிகள் காலியாகியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கைபடாத பெரிய கல்லறை ஒன்று அறிஞர் கைக்கு வந்தது 1993இல், ஹலிஸ்கோவின் ஊயித்ஸிலாபாவில். ஏழரை மீட்டர் ஆழம், இரண்டு அறைகள், ஆறு பேர். கழுத்தெலும்புகளில் பலருக்கும் ஒரே பிறவிக் குறை இருந்ததால் இரத்த உறவினர் என்று ஊகிக்க முடிந்தது. எந்த உருவம் யார் பக்கத்தில் இருந்தது, யார் மேல் சங்கு மணிகள் கிடந்தன என்பதெல்லாம் அங்கே தெரிந்தது. உங்கள் நாய் யார் தலைமாட்டில் இருந்தது? குழந்தையின் பக்கமா, கிழவியின் பக்கமா? அறையில் ஒரே நாயா, ஜோடியா? மோனெரோ அதைத் தூக்கிய அந்த நொடியில் இது அழிந்தது. எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தராது. நீங்கள் அழகு என்று வாங்கியது மீதியைத்தான்.

ரிவேராவை இழுக்காதீர்கள். அவர் குவித்தவை மெக்சிகோ மக்களுக்கென்று 1964இல் திறந்த அனாவாகாய்யி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனாலும் அவருக்கு விற்றவர்களும் குழியைக் காலி செய்தவர்கள்தாம். சட்டத்தைப் பொறுத்தவரை, மெக்சிகோவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை நாட்டின் உடைமை. நம் தொல்பொருள் சட்டமும் அதே ஆண்டுதான் இயற்றப்பட்டது. மூதாட்டி குடும்பத்தாரிடம் பழைய ரசீது, பயணக் கடிதம், பின்னணியில் நாய் தெரியும் புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பிள்ளைகள் வைத்த பெயரை மாற்ற வேண்டாம். சீட்டில் இருப்பதைவிட ஜிம்மி நேர்மையான பெயர்.

இனிமேல் தண்ணீர் காட்டாதீர்கள். உள்ளே பொள்ளல், குழாய் வழியே பிரஷ் போயிருக்காது. அங்கே மண்ணோ உறையோ மிச்சம் இருக்கலாம். கவிழ்க்காமல், குலுக்காமல், குழாய் வாயை மெல்லிய துணியால் கட்டி, அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பராமரிக்கும் பிரிவுக்கு எழுதுங்கள். கழுவியபின் அதை ஒரு துண்டால் துடைத்திருப்பீர்களே, அந்தத் துண்டைத் துவைத்துவிட்டீர்களா?