துடிப்பு எண்ணும் வாட்ச்: வாத்தியார் பதில்கள்

(பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் வாத்தியார், ஸ்மார்ட் வாட்ச் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அப்பாவுக்கு 62 வயது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார், சுகரும் உண்டு. காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறார். இதயத்துடிப்பு, பிரஷர், சுகர் மூன்றும் காட்டும் வாட்ச் ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு இருக்கிறது. துபாயில் இருக்கும் தம்பி, வேண்டுமானால் அங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். எது நல்லது?
– வாசகி, வண்ணார்பேட்டை

அந்த 1,800 ரூபாய் வாட்ச் வேண்டவே வேண்டாம்மா. சுகர் காட்டும் என்று போட்டிருக்கிறான் பாருங்கள், அதைப் பார்த்ததுமே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். தோலில் எதுவும் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்குமே தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. புஜத்தில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சி.ஜி.எம். கருவி வேறு சங்கதி. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது. வாட்ச் அதன் எண்ணை வாங்கிக் காட்டுமே தவிர, தானாக அளப்பதில்லை.

பிரஷரும் ஏறக்குறைய அப்படித்தான். சில பெரிய கம்பெனி வாட்ச்களில் அந்த வசதி உண்டு. ஆனால் புஜத்தில் பட்டை சுற்றும் மெஷினில் முதலில் பார்த்து, அந்த அளவை வாட்சுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், மாதாமாதம் திரும்பச் செய்ய வேண்டும். எப்படியும் பட்டை மெஷின் வாங்கத்தான் போகிறீர்கள். ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும், அதை முதலில் வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது இதயத்துடிப்பு. இதை வாட்ச் நிஜமாகவே அளக்கிறது. கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்க, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணித்தான் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் சுமாரான வாட்ச்கூட இதில் பெரிய தப்புச் செய்வதில்லை.

ஆனால் அப்பா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 220-இல் வயதைக் கழித்து வருவதுதான் உச்சத் துடிப்பு என்று பல வாட்ச்கள் கணக்குப் போடும். 62 வயதுக்கு 158. அதை வைத்து, இது கொழுப்பு கரையும் மண்டலம், இது கார்டியோ மண்டலம் என்று கலர் கலராகக் காட்டும். மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அதன் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பது. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி என்ன ஆகும் என்று அப்பாவுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச் ‘இன்னும் வேகமாக’ என்று நச்சரிக்கும், இவரும் மூச்சு வாங்க நடப்பார். அந்த மண்டல அறிவிப்பை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் அவருக்குச் சரியான வேகம்.

அப்புறம் வாட்சில் என்னதான் பார்ப்பது? காலையில் அசையாமல் இருக்கும்போது உள்ள துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய வழக்கமான எண் எது என்பது ஒன்றிரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். காரணமில்லாமல் அது பல நாள் ஏறியோ இறங்கியோ நின்றால் டாக்டரிடம் காட்டலாம்.

துபாயில் வாங்கினால் இங்கே வாரண்டி செல்லுமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சார்ஜர் ஒயரும் வாட்சுக்கு வாட்ச் வேறுபடும். தொலைந்தால் ஜங்ஷனில் எந்தக் கடையில் ஏறி இறங்கினாலும் பொருந்தாது. எண்கள் வெயிலில் கண்ணாடி போடாமல் தெரிய வேண்டும். நீங்கள் அனுப்பும் தமிழ் மெசேஜ் கட்டம் கட்டமாக வருகிறதா, எழுத்தாக வருகிறதா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். வயது 21. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஓடும்போது என் வாட்ச் சில நேரம் 175 காட்டுகிறது, திடீரென்று 120-க்கு இறங்குகிறது. வாட்ச் கெட்டுப்போச்சா, நெஞ்சில் கட்டும் பெல்ட் வாங்கவா?
– வாசகர், வள்ளியூர்

கெட்டுப்போகவில்லை தம்பி. ஓடும்போது கை வீச்சில் வாட்ச் ஆடும், தோலுக்கும் விளக்குக்கும் நடுவே வெளி வெளிச்சம் புகும், குறி தப்பும். இன்னொரு கூத்தும் உண்டு. நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடுகிறாய் என்றால், அந்த அதிர்வையே துடிப்பென்று எடுத்துக்கொண்டு 170 என்று காட்டிவிடும். நீயும் இதயம் அப்படி அடிக்கிறது என்று நம்பிவிடுவாய்.

முதலில் காசு செலவில்லாத வைத்தியம். மணிக்கட்டு எலும்பின் மேல் கட்டாதே, அதற்கு ஒரு விரல்கடை மேலே ஏற்றிக் கட்டு. ஓடும் நேரம் மட்டும் ஒரு ஓட்டை கூட இறுக்கு. ஓட்டம் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் மெல்ல ஓடி உடம்பைச் சூடு பண்ணு, தோலுக்கு ரத்தம் வரட்டும். பாதிப் பிரச்சனை இதிலேயே தீரும்.

நெஞ்சுப் பெல்ட் ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் கம்பெனி 1982-லேயே ஒயரில்லாத இந்த வகைக் கருவியைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் ஓட்டக்காரர்களுக்கு அதுதான் நம்பகம், குறிப்பாக 200, 400 மீட்டர் விட்டு விட்டு ஓடும் பயிற்சிக்கு. அங்கே துடிப்பு சட்டென்று ஏறி இறங்கும், மணிக்கட்டு வாட்ச் பின்னாலேயே ஓடிவரும். பெல்ட்டின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்திருந்தால் ஆரம்பத்தில் உளறும். வாங்குமுன் உன் போனோடும் வாட்சோடும் சேருமா என்று பார்.

ஆனால் என்னைக் கேட்டால், உனக்கு இப்போது பெல்ட் தேவையில்லை. ஏழு நிமிடத்துக்கு 1,500 என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 112 வினாடி. அதற்கு ஸ்டாப் வாட்ச் போதும். அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கு.

வீட்டில் பீடி சுற்றுகிறேன். மகள் வாங்கித் தந்த, கையில் கட்டும் பேண்டில், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாலும் சாயங்காலம் ஆயிரக்கணக்கில் அடி காட்டுகிறது. இது நடந்த கணக்கில் சேருமா?
– வாசகி, முக்கூடல்

சேராது தங்கச்சி. பேண்டுக்குக் கால் தெரியாது, கை அசைவுதான் தெரியும். தாளம் தப்பாமல் கை ஆடினால் நடக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளும். பீடித் தட்டை மடியில் வைத்ததும் பேண்டைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் அதிகம் அசையாத கைக்கு மாற்றுங்கள். பத்தாயிரம் அடி என்ற இலக்கும் வேதவாக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. மணிக்கணக்காகக் குனிந்தே இருக்கிறீர்களே, அரைமணிக்கு ஒருமுறை எழுப்பிவிடும் அதிர்வு இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். உங்களுக்கு அதுதான் உபயோகம்.

ஆச்சிக்கு 78 வயது. வாட்ச் கட்டினால் துடிப்பே காட்டுவதில்லை, கோடு கோடாக வருகிறது. என் கையில் சரியாகக் காட்டுகிறது.
– வாசகர், களக்காடு

ஆச்சி முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார்களா? அந்த மை, வாட்சின் ஒளியைத் தானே விழுங்கிவிடும். பச்சை இல்லாத கையில் கட்டிப் பாருங்கள். ரெண்டு கையிலும் இருந்தால் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு விரல் சில்லிட்டு, தோல் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். சரி, எதுவுமே நடக்கவில்லையா? கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடக்குமே, அதை ஆச்சி விரலில் மாட்டுங்கள். அதுவும் துடிப்பு காட்டும்.

வாழைப்பழத்தில் வாட்சைக் கட்டினாலும் 80 துடிப்பு காட்டுகிறதே! எல்லாம் ஏமாற்றா?
– வாசகர், மேலப்பாளையம்

பழத்துக்கும் ஒளி பட்டால் திரும்பும். ஏதாவது ஏற்ற இறக்கம் தென்பட்டால் அதைத் துடிப்பாக ஆக்கிப் பார்ப்பது அதன் புத்தி. நல்ல வாட்ச்களும் இப்படி ஏமாறியதுண்டு. பழத்தைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் கையில் சோதியுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே நாடி பிடித்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாலைந்து வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

இ.சி.ஜி. வசதி உள்ள வாட்ச் மாரடைப்பை முன்கூட்டியே சொல்லுமா?
– வாசகர், திசையன்விளை

சொல்லாது. அதில் வருவது ஒற்றைக் கோடு, ஆஸ்பத்திரியில் எடுப்பது பன்னிரண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பைக் காட்டிக்கொடுக்க உதவும், அது நிஜமான பிரயோஜனம். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று ஆப்பிள் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சு இறுகி, வேர்த்துக் கொட்டி, இடது கை வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாட்ச் ‘நார்மல்’ என்று காட்டினாலும் கூப்பிடுங்கள்.

5 ஏ.டி.எம். என்று போட்டிருக்கிறது. குற்றாலம் அருவியில் கட்டிக்கொண்டே குளிக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

தாமிரபரணிப் படித்துறையில் முங்கிக் குளிக்கலாம், பயமில்லை. அருவிக்குக் கழற்றிவிடுங்கள். 5 ஏ.டி.எம்., அதாவது ஐம்பது மீட்டர் என்பது அசையாத தண்ணீரின் அழுத்தக் கணக்கு, மேலிருந்து அறைகிற தண்ணீருக்கு அது பொருந்தாது. பட்டை கழன்று போனால் அந்தக் கூட்டத்தில் தேடவும் முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளிலும் வேண்டாம், விளக்கின் மேல் எண்ணெய் படிந்தால் துடிப்பு தப்பும்.

வாட்ச் கட்டிய இடத்தில் அரிப்பு, சிவப்பு. கை மாற்றியும் போகவில்லை.
– வாசகி, நாங்குநேரி

நம்மூர் வெயிலில் பட்டைக்கு அடியில் வியர்வையும் சோப்பும் தங்குவதால்தான் பெரும்பாலும் வரும். தினமும் கழற்றிப் பட்டையை வெறும் தண்ணீரில் கழுவுங்கள், தோலும் பட்டையும் நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். சிலிக்கோன் பட்டைக்குப் பதில் துணிப் பட்டை மாற்றிப் பாருங்கள், 20 மில்லிமீட்டரா 22-ஆ என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பத்து நாளில் சரியாகவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை வாட்ச் மேசையிலேயே இருக்கட்டும்.